கிணத்தடியில பொறந்த ராஜா

ஒரு தீவுல, ஒரு மலையடியில, ஒரு கிணறு இருந்துச்சாம். அயர்லாந்துன்னு பேரு அந்தத் தீவுக்கு. எந்நேரமும் மழை, சொத சொதன்னு. ம் கொட்டுறியா?

"ம்."

மலை உச்சியில கோட்டை. ராஜாவுக்கு ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ ராணி. எளையவ ஓர்லா, சண்டையில புடிச்சுட்டு வந்த பொண்ணு. ஓர்லா வயித்துல புள்ள. ராஜா படையோட போருக்குப் போனதும், ராணி அவ தலையில குடத்தை ஏத்திட்டா. "கோட்டைக்கு நீயும் தண்ணி தூக்குடி!" அதோட விட்டாளா? டம் டம் டம்! "ஓர்லா பெத்த புள்ளைய யார் தொட்டுத் தூக்கினாலும், அவங்களும் சாகறவரைக்கும் தண்ணி தூக்கணும்!"னு தண்டோரா போட்டா.

அப்புறம் ஒருநாள், மத்த பொம்பளைங்க குடத்தோட மேல போயிருந்தப்போ, கிணத்தடியிலயே ஓர்லாவுக்கு வலி வந்துச்சு. புள்ள பொறந்துச்சு. அவ மயங்கிட்டா. புள்ள ஈரப்புல்லுல கெடந்து, குவா குவா! மேல காக்கா, கா கா!

அப்போ கோட்டைக் காவலுக்கு விட்டுட்டுப் போன படைவீரன் ஒருத்தன் வந்தான். "வாள் புடிச்ச கை குடம் தூக்கவா?" போயிட்டான். வாள் இடுப்புல, வீரம் வீட்டுல.

அப்புறம் பூசாரி. "ஆஹா, ராஜா ஆகப்போற புள்ள!" கண்ணை மூடி ஆசீர்வாதம் பண்ணான். மூடின கண்ணோடயே போயிட்டான்.

அப்புறம் பெரிய மாட்டுப் பண்ணைக்காரன். "ஐயோ பாவம்"னான். பாவம்னு சொல்ல காசா பணமா? அவனும் போயிட்டான்.

"காக்கா கொத்திருச்சா?"

எறங்கிருச்சு கண்ணு, பக்கத்துலயே! தத்தித் தத்தி வருது. அப்போ தண்ணி தூக்குற பொம்பளைங்க திரும்பி வந்தாங்க. அவங்கள்ல மூத்தவ மூரின், "சூ!"ன்னு காக்காவை விரட்டி, புள்ளைய வாரி மாரோட அணைச்சுக்கிட்டா.

"மூரினக்கா, ராணி தண்ணி தூக்க வெச்சிருவாளே!"ன்னா ஒருத்தி.

"இப்ப மட்டும் என்னடி தூக்குறோம், பல்லக்கா?"

கொல்லுன்னு சிரிப்பு. கோட்டைக்கே கேட்டுருச்சு. தட தடன்னு ராணி எறங்கி வந்தா. "கீழ வைடி!" மூரின் அடுத்தவ கையில குடுத்தா. "கீழ வைடி!" அவ இன்னொருத்திக்கு. "வைங்கடி!" அவளும் அடுத்தவளுக்கு. கத்திக் கத்தி ராணிக்குத் தொண்டை வறண்டு போச்சு. "தண்ணியாவது குடுங்கடி!"

"கை காலியில்ல ராணியம்மா,"ன்னா மூரின். "புள்ள இருக்கு."

ராணி நின்னா, நின்னா, அப்புறம் தானே குனிஞ்சு கிணத்துக்குள்ள குடத்தை விட்டா. தொபுக்!

ஓர்லா கண்ணு முழிச்சப்போ புள்ள அவ மடியில. அதுக்கப்புறம் அது தரையிலயே படல. கை மாறிக் கை மாறியே வளந்து, நேரா சிம்மாசனத்துல போய் உக்காந்துச்சு.

கதை கரையேறியாச்சு. கண்ணை மூடு.