தங்கம் பூசின பட்டாம்பூச்சி

ஃபோனைத் தலகாணி ஓரமா வெச்சாச்சு, பொன்னி. பெங்களூர்ல இருந்து உங்கம்மாவும் கேக்கட்டும். ரெண்டு பேரும் ம் மட்டும் கொட்டணும். கொட்டலைன்னா பெரியம்மா எந்திரிச்சுப் போயிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பட்டாம்பூச்சி செத்துக் கெடந்துச்சு. கறுப்பு றெக்கை. லேசாச் சாய்ச்சா அதுல நீலம் பளிச்னு வரும், திரும்பச் சாய்ச்சா ஓடிப்போயிரும். அந்த வீட்டுப் பொண்ணு அதைக் கையில வெச்சுக்கிட்டு ஒரே அழுகை. அப்போ அவ அம்மா சொன்னா, "அழாதடி. இந்த நீலம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு படம் எடுத்துட்டு வரேன். பூச்சியையும் பத்திரமாக் கொண்டாந்து தரேன்."

ம்?

ஆமா, நீதான் அந்தப் பொண்ணு. தெரியாத மாதிரி முழிக்காத.

அப்புறம் அம்மா பூச்சியை டப்பாவுல வெச்சு, தான் ஆராய்ச்சி பண்ற எடத்துக்கு எடுத்துட்டுப் போனா. மொதல்ல றெக்கையை விரலால தடவுனா. ஒட்டுன தூள் வெறும் பழுப்பு. அப்புறம் ஸ்பிரிட்டு ஒரு சொட்டு விட்டா. நீலம் பச்சையாப் போச்சு. கெடுத்துட்டோமோன்னு அதையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டா. ஸ்பிரிட்டு காயக் காய மெதுவா நீலம் திரும்பி வந்துச்சு.

ம்... நீ கொட்டுற. உங்கம்மாவைத்தான் காணோம்.

அப்புறம் பெரிய மைக்ராஸ்கோப்பு. அதுக்குள்ள வைக்கணும்னா மேல தங்கம் பூசணும், ரொம்ப ரொம்ப மெல்லிசா. றெக்கையில ஒரு துணுக்கு போதும். உங்கம்மா சின்னதுலேருந்தே அவசரக்காரி. முழுப் பூச்சியையும் தூக்கிப் பூசுற மெஷின்ல வெச்சுட்டா. உர்ர்ர்னு ஓடுச்சு.

அப்புறம் படம் வந்துச்சு. ஒவ்வொரு தூள்லயும் தட்டு ஸ்டாண்டு மாதிரி அடுக்கடுக்கா, நடுவுல சந்து சந்தா. வெளிச்சம் அந்தச் சந்துக்குள்ள போயி நீலமாத் திரும்பி வருது. நீலச் சாயம்னு ஒண்ணே கெடையாது. சந்துல ஸ்பிரிட்டு பூந்ததாலதான் பச்சையாப் போயிருக்கு. கூட இருந்தவங்க படபடன்னு கை தட்டுனாங்க. அப்போதான் அவ பூச்சியைப் பாத்தா. றெக்கை மேல மங்கலாத் தங்கம். நீலம் போயிருச்சு. ஸ்பிரிட்டுன்னா காஞ்சிரும், தங்கம் எங்க காயும்? அந்த மைக்ராஸ்கோப்புக்கு நிறமும் தெரியாது, படத்துலயும் வெறும் கறுப்பு வெள்ளைதான்.

அப்போலேருந்து உங்கம்மா ஊருக்கு வரல. லீவு கெடைச்சாச்சு, பையும் கட்டியாச்சு. கேட்டா நாளைக்கு, நாளைக்குன்னுறா. பிள்ளைகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுன்னு இன்னிக்கு எங்கிட்ட ஒரே அழுகை. எனக்கு மட்டும் என்னவாம்? தெனம் அவளுக்கும் சேத்து அரிசி போட்டுடுறேன். தங்கச்சியைப் பாக்காம எனக்கும் ஏக்கமாத்தான் இருக்கு.

இப்போ நீ சொல்லு, பொன்னி. நீலம் போயிருச்சு. அம்மா என்ன செய்யட்டும்?

என்னது? கொட்டாவி விட்டுட்டுச் சொல்லு.

கேட்டியா சுகந்தி? நீலம் வேணாமாம். நீ வந்து பக்கத்துல படுத்துக்கிட்டாப் போதுமாம்.

கண்ணை மூடிட்டா. ஃபோன் மேலயே கையை வெச்சுருக்கா. இனிமே ம் கொட்ட நீ மட்டுந்தான். காலைல பஸ் ஏறிருவேல்ல?

சுகந்தி?

கேட்டுது, கேட்டுது. மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொன்னாலும் ம், ம்-தான். கதை முடிஞ்சுது. நீயும் தூங்கு.