ஊசிமலை மிஷினிடம் கேட்ட கேள்வி

கோயமுத்தூரில் பம்புசெட்டுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனி ஒன்று. அதில் நாச்சிமுத்து, தில்லைக்கரசி, ஜெபஸ்டின் என்று மூன்று பேர். மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். கம்பெனி படுகிற பாட்டுக்கெல்லாம் அதுதான் காரணம்.

ஊசிமலையில் இவர்கள் வைத்த மிஷின், தொட்டி நிறைந்த பிறகும் பம்பை நிறுத்தவில்லை. சுவிட்சை அணைத்தால் தானே போட்டுக்கொள்ளும். அவ்வளவு அறிவை அதற்குள் வைத்தவர்களும் இவர்களே. தொட்டிக்குக் கீழே மண்டபம்; வழிகிற தண்ணீரெல்லாம் அங்கேதான். வெள்ளிக்கிழமை அங்கே பம்பு ஆபரேட்டர் சவரியப்பன் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

மிஷினின் மூளையான புரோசஸர் கணக்குப் போடும்போது எண்களைக் கைவசம் வைத்துக்கொள்ளும் குட்டிப் பெட்டிகளுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். தூரத்து மிஷினின் பெட்டிகளை ஆபீஸிலிருந்தே பார்க்க டீபக்கர் என்று ஒன்று உண்டு. தில்லைக்கரசி அதைப் பார்த்துவிட்டு மலைக்குப் போன் போட்டாள்.

"தொட்டி காலின்னு காட்டுதுங்களே."

"அம்மிணி, முழங்கால் தண்ணியில நின்னு பேசறேன்!" என்றார் சவரியப்பன்.

"எதுக்கும் இன்னொருக்கா நல்லாப் பாருங்க."

டீபக்கர் மலையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரின் பதினாறு பெட்டிகளையே இத்தனை நாளும் காட்டிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்த மேனேஜர் பத்மாசனி தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லா மிஷினும் நம்ம மிஷின் மாதிரியே இருக்கும்னு நினைக்காதீங்க. என்னென்ன ரெஜிஸ்டர் இருக்குன்னு அதுகிட்டயே கேளுங்க!"

மூவரும் அடுத்த பஸ்ஸில் மலையேறினார்கள். மிஷின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"நீன்னு கேக்கறதா, நீங்கன்னு கேக்கறதா?" என்றான் ஜெபஸ்டின்.

"வெளியூர்க்காரங்க. மரியாதையாவே கேளு," என்றார் நாச்சிமுத்து.

அரை மணி நேரம் மரியாதையாகக் கேட்டும் பதில் இல்லை. "கோவமா இருக்காங்க போல," என்றாள் தில்லைக்கரசி. போனில் மேனேஜர் போட்ட கத்தலில்தான், கேள்வியைப் புரோகிராமில் எழுதி வயர் வழியாக அனுப்ப வேண்டும் என்பது விளங்கியது. கொண்டுபோன லேப்டாப்பிலிருந்து அனுப்பினார்கள். முப்பத்திரண்டு பெட்டி என்று மிஷின் உடனே பதில் சொன்னது. டீபக்கர் முதல்முறையாக அசல் மிஷினைப் பிடித்தது. பிடித்த பிடியில் புரோசஸர் அப்படியே நின்றது, பம்பும் நின்றது.

சவரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி, நாளைக்கு விசேஷம் முடியற வரைக்கும் இங்க ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது."

மூவரும் அன்று மாலையே தொட்டியையும் திறந்துவிட்டுக் காலி செய்தார்கள்.

மறுநாள் நிச்சயம் நல்லபடியாக நடந்தது. பந்தி முடிந்து முந்நூறு பேர் சாம்பார் கையோடு குழாயடிக்கு வந்தார்கள். குழாயில் காற்றுதான் வந்தது.

"வயரைப் புடுங்கினா பம்பு ஓடுமே," என்றான் ஜெபஸ்டின்.

"ஓடினா நிக்காதே," என்றார் நாச்சிமுத்து.

மேனேஜரைப் போனில் கேட்டார்கள். "ஓட விட்டுராதீங்க! ஒவ்வொரு ஸ்டெப்பா நகர்த்தி, எந்த ரெஜிஸ்டர் மாறுதுன்னு பாருங்க," என்றார் பத்மாசனி.

ஜெபஸ்டின் லேப்டாப் பட்டனை ஒரு தட்டு தட்டினான். புரோசஸர் ஓர் அடி நகர்ந்தது.

"பதினேழாம் பெட்டியில நம்பர் மாறிருச்சு!" மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வரிசையில் முதலில் நின்ற மாப்பிள்ளையின் அப்பா கையை நீட்டியபடியே கேட்டார். "தண்ணி எப்பங்க வரும்?"

தில்லைக்கரசி கணக்குப் போட்டாள். "இன்னும் நாலாயிரம் தட்டுத்தானுங்க."

அவர் கையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "அப்ப கை காயறதுக்குள்ள இன்னொரு பந்தி உக்காந்துட்டு வந்தர்றனுங்க," என்று திரும்பி நடந்தார். முந்நூறு பேரும் அவர் பின்னாலேயே போனார்கள்.