பெருவாத்துகளுக்குத் தாயான திருமேனிநாதர்

முன்னொரு காலத்தில் ஏந்தல்பாடி என்கிற நாட்டை வெட்சிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது. சபையில் எல்லோரும் தாடி வளர்க்க வேண்டும் என்பார். அது வளர்ந்து முடிவதற்குள் எல்லோரும் மழித்துவிட்டு வரச் சொல்வார்.

அவருக்கு ஆடை எடுத்துக் கொடுக்கும் அதிகாரியின் பெயர் திருமேனிநாதர். இன்றைக்கு எந்தப் பட்டு உடுத்தலாம் என்று ராஜா தினமும் காலையில் அவரைத்தான் கேட்பார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மனிதர் ஊரையே மிரட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் குருவம்மை என்ற ஏழைப் பெண்ணின் துண்டு நிலம். நடுவில் ஒரு குட்டை, சுற்றிப் புல், அதில் மேய ஒரு கூட்டம் பெருவாத்துகள். அவளுக்குச் சோறு போடுவது அவைதான். நீளக் கழுத்தும் வெள்ளை உடம்புமாகத் திரியும் அந்தப் பறவைகளுக்கு ராஜாவும் ஒன்றுதான், திருடனும் ஒன்றுதான். புது ஆள் வந்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு துரத்தும்.

ஒருநாள் கூட்டத்தின் ஆணான கிடாவாத்து முன்னால் பாய, அந்த வழியாக வந்த ராஜாவையே துரத்திவிட்டன. ஒரு செருப்பை விட்டுவிட்டு ராஜா ஓடினார். வாத்துகளின் தலை உருளப்போகிறது என்று கூட வந்தவர்கள் நினைத்தார்கள். ராஜாவோ விழுந்து விழுந்து சிரித்தார். இந்த நாட்டில் தன்னை எதிர்த்து நின்ற முதல் ஆண்பிள்ளை அந்தக் கிடாவாத்துதான் என்று புகழ்ந்தார். அன்றிலிருந்து விடிந்ததும் கையில் கிடைத்த துணியைச் சுற்றிக்கொண்டு வாத்து பார்க்கக் கிளம்பிவிடுவார். எந்தப் பட்டு என்ற கேள்வி நின்றுபோயிற்று.

திருமேனிநாதருக்கு வயிறு எரிந்தது. மனிதன் மேல் பொறாமைப்பட்டாலாவது வெளியே சொல்லலாம், வாத்தின் மேல் பட்டதை யாரிடம் சொல்வது? அந்த வாத்துகள் தன்னுடையவை ஆகிவிட்டால் ராஜா தினமும் தன் வாசலுக்கு வருவாரே என்று கணக்குப் போட்டார். பெரிய வாத்துகளைத் தொட்டால் கடிக்கும். அதனால் அடைவாத்து குளிக்க இறங்கிய நேரம் பார்த்து மதிலேறிக் குதித்து, பொரிக்கும் தறுவாயில் இருந்த முட்டைகளை அள்ளிவந்தார். சூடு ஆறாமலிருக்க ராஜாவின் பட்டுகளுக்குள்ளேயே பொதிந்து வைத்தார். வேலைக்காரர்களை நம்பாமல் தானே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

குஞ்சுகள் முட்டையை உடைத்துக்கொண்டு வந்து முதலில் பார்த்த முகம் திருமேனிநாதருடையது. அவ்வளவுதான், அவர் எங்கே போனாலும் பின்னாலேயே வந்தன. அவருக்குக் காரணம் புரியவில்லை; ஆனால் பேராசை வந்துவிட்டது. சபைக்குப் போய், வாத்தும் நிலமும் தன் பாட்டன் சொத்து, குருவம்மை வெறும் கூலிக்காரி, சொந்தக்காரன் பின்னால் வரும் இந்தக் குஞ்சுகளே சாட்சி என்று வழக்கு வைத்தார்.

குருவம்மையை இழுத்து வந்தார்கள். "நிலமும் போய் வாத்தும் போனா நான் எங்கே போவேன், மகாராசா?" என்று அவள் அழுதாள்.

இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் குஞ்சுகளை நடுவில் விடச் சொன்னார் ராஜா. குஞ்சுகள் குருவம்மையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக ஓடித் திருமேனிநாதரின் காலடியில் ஒண்டிக்கொண்டன. ராஜாவின் முகம் மாறியது. தீர்ப்பு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது மந்திரி மருதவாணர் எழுந்தார். ஏரிக்கரை ஊரில் பிறந்தவர், வாத்தின் குணம் தெரிந்தவர்.

"மகாராஜா, அதிகாரி சொல்வதில் ஒரு சின்னத் திருத்தம். வாத்துக்குஞ்சு சொந்தக்காரன் பின்னால் போகாது. கண்ணைத் திறந்ததும் யாரைப் பார்க்கிறதோ அவரைத் தாய் என்று நினைத்து அவர் பின்னால்தான் போகும். ஆகவே இவர் இந்தக் குஞ்சுகளுக்குச் சொந்தக்காரர் அல்ல, தாயார்."

சபை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது. மந்திரி முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை. "சிறகு முளைக்கும்வரை எந்தக் குஞ்சையும் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது தங்கள் கொள்ளுப்பாட்டனார் போட்ட சட்டம். அதிகாரி வீட்டில் புல்லும் கிடையாது, குட்டையும் கிடையாது. இரண்டும் இருப்பது குருவம்மையின் நிலத்தில்தான். தாயாரும் அங்கேதான் இருந்தாக வேண்டும், அவள் கைக்கோலுக்குக் கட்டுப்பட்டு."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்படியே ஆகட்டும் என்று கைதட்டினார்.

மறுநாளே திருமேனிநாதர் பட்டாடையைக் கழற்றிவிட்டுக் கோவணத்தோடு குட்டையில் நின்றார். அவர் இறங்கினால்தான் குஞ்சுகள் இறங்கும். அவர் குனிந்து புல்லைக் கிள்ளினால்தான் அவையும் கிள்ளும். போட்டிக்கு வந்த தாயைப் பிடிக்காத கிடாவாத்து அவர் பின்பக்கத்தைப் பதம்பார்த்தது. "ஐயா, அந்தப் பக்கம் புல்லு நல்லாருக்கு, கூட்டிக்கிட்டுப் போங்க" என்று குருவம்மை கோலை ஆட்டுவாள். வேடிக்கை பார்க்க ராஜா தவறாமல் வந்தார்.

சீக்கிரமே திருமேனிநாதர் ராஜாவின் காலில் விழுந்தார். முட்டையைத் திருடியதையும் பட்டில் பொதிந்ததையும் ஒப்புக்கொண்டார்.

"ஓகோ, அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் அரித்தது அதனால்தானா?" என்றார் ராஜா. "நிலமும் வாத்தும் குருவம்மைக்குத்தான். அரண்மனைப் புல்வெளியும் இனி அவள் வாத்துகளுக்கே. ஆனால் நீர் திருடர் என்பது குஞ்சுகளுக்குத் தெரியாதே. சட்டம் சட்டம்தான், போய் மேயும்."

தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார்.

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. ஒருநாள் காலை அவை கூட்டத்தோடு சேர்ந்து புல்வெளிக்குப் போய்விட்டன, ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திருமேனிநாதருக்கு விடுதலை. பட்டு உடுத்திச் சபைக்குப் போனார். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. பின்னால் எதுவும் வருகிறதா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் எழுந்துவிட்டார்.

வாத்துகள் மேய்ந்து திரும்பும் நேரத்துக்கு, கையில் ஒரு கட்டு இளம்புல்லோடு குருவம்மையின் வேலிக்கு வெளியே வந்து நின்றார். வேலிக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

குருவம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேலிப் படலைத் திறந்துவிட்டாள்.

"வாங்க, புள்ளைங்களைப் பாத்துட்டுப் போங்க. அடையில இருக்கிற முட்டைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க."