போயிக் கடுதாசி போடறோம்

ஒரு ஊர்ல ஒரு கஞ்ச மகாபிரபு இருந்தாரு. பேரு கோமதிநாயகம். ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன். ஆங். அவருக்குப் பிரமுன்னு ஒரு பொண்டாட்டி, உலகநாதன்னு ஒரே மகன். வயலும் தோப்புமா சொத்து கிடந்துச்சு. ஆனா அந்த வீட்டுல சிரிக்கப் போறவங்களுக்கு மட்டும்தான் பல்பொடி. அங்க யாரு சிரிக்கப் போறா? அதனால பல்பொடியும் மிச்சம். காப்பித்தூளைக் காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வடிகட்டணும். மூணாவது தடவை வர்றது வெறும் வெந்நி. அதையும் காப்பின்னுதான் சொல்லணும். பிரமுவுக்கு அம்மா வீட்டுல சீரா குடுத்த பெரிய இருப்புச்சட்டி பரண்ல கிடந்துச்சு. அது எண்ணெய் முகத்தைப் பாத்ததே இல்ல.

உலகநாதன் பாவம், வளர்ற பிள்ளை. வயித்துக்குள்ள எப்பவும் கொர்ர், கொர்ர்னு சத்தம்.

அப்புறம் அவனுக்குக் கல்யாண வயசு வந்துச்சு. தரகர் ஒரு இடம் சொன்னாரு. மூணு பேரும் பொண்ணு பாக்கப் போனாங்க, நடந்துதான். அங்க வாழைக்காய் பஜ்ஜி, நெய் வழியிற சொஜ்ஜி, டபரா நெறைய காப்பி. லபக்கு லபக்குன்னு தின்னாங்க. வீட்டுக்கு வந்தா ராத்திரி யாருக்குமே பசிக்கல. அடுப்பே பத்த வைக்கல. அப்போ பொறந்துச்சு பாரு கோமதிநாயகத்துக்கு ஞானம்!

"ஏட்டி பிரமு, ஒரு வேளைச் செலவு அப்படியே மிச்சம்! வர்ற வெள்ளிக்கிழமை வேற பொண்ணு பாப்போம்."

"இந்தப் பொண்ணுக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. அதுக்காக உடனே சரின்னு சொல்லிடறதா?"

அப்புறம் என்ன, வெள்ளிக்கிழமை தவறாம பொண்ணு பாக்கறதுதான். அன்னிக்கு மத்தியானச் சாப்பாடும் கிடையாது, வயித்துல இடம் வேணும்ல. ஒரு வீட்டுல உளுந்தவடையைத் தின்னுட்டு, வழியில வரும்போது பொண்ணு உயரம்னாரு. இன்னொரு வீட்டுல கேசரியைத் தின்னுட்டு, பொண்ணு குட்டைன்னாரு. ஆனா எந்த வீடா இருந்தாலும், எந்திரிக்கும்போது வாயைத் துடைச்சுக்கிட்டு ஒரே பேச்சுதான். "போயிக் கடுதாசி போடறோம்."

போட்டாரா? அவராவது போடுறதாவது! தபால் கார்டை என்ன சும்மாவா குடுக்கறான்? வேண்டாம்னு சொல்றதுக்கு வேற செலவு பண்ணணுமான்னு விட்டுட்டாரு.

அந்தப் பொண்ணுங்க பாடு? தபால்காரர் சைக்கிள் மணி டிங் டிங்னு கேட்டா வாசலுக்கு ஓடி வருவாங்க. "இன்னிக்கும் இல்லம்மா"ன்னுட்டு அவரு போயிடுவாரு. எனக்கு வாயில நல்லா வருது. சரி விடு, படுக்கையில பிள்ளைய வச்சுக்கிட்டுத் திட்டக் கூடாது.

இப்படியே வருஷம் ஓடிப்போச்சு. உலகநாதனுக்கு முன் மண்டையில முடி கொட்டிப்போச்சு. அப்போ ஒரு வெள்ளிக்கிழமை, செண்பகம்னு ஒரு பொண்ணு வீட்டுக்குப் போனாங்க. தூங்கிட்டியா? ம்... சரி. உலகநாதன் குனிஞ்ச தலை நிமிராம தட்டைக் காலி பண்ணினான். செண்பகம் பஜ்ஜிச் சட்டியோட பக்கத்துல வந்து நின்னா.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?"

அவ்வளவுதான் கண்ணு கேட்டா. பொறந்ததுலேருந்து அவனை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. பெத்தவளுக்குக் கேக்க ஆசைதான், பாத்திரத்துல இருந்தாத்தானே கேப்பா? உலகநாதனுக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. பஜ்ஜி காரம்னு சொல்லிச் சமாளிச்சான். கட்டினா இவளைத்தான் கட்டணும், இல்லைன்னா கல்யாணமே வேண்டாம்னு அங்கயே முடிவு பண்ணிட்டான்.

அப்போ அவங்கப்பா வாயைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சாரு. "போயிக் கடு..."

"எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு!" உலகநாதன் கத்தியே சொல்லிட்டான்.

கோமதிநாயகத்துக்கு ஹக்கு, ஹக்குன்னு விக்கல். செண்பகத்தோட அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப வர்ற வெள்ளிக்கிழமை நாங்க வந்து மாப்பிள்ளை வீட்டைப் பாக்கறோம். அதுதானே முறை?"

முறைன்னா மாட்டேன்னு சொல்ல முடியுமா? ரெண்டு பேரு வருவாங்க, ஆளுக்கு ஒரு செம்பு தண்ணி குடுத்து அனுப்பிடலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டுத் தலையாட்டினாரு.

அப்புறம் செண்பகத்தோட அப்பா மாப்பிள்ளை வீட்டைப் பத்தி நாலு இடத்துல விசாரிச்சாரு. விசாரிச்ச இடத்துல எல்லாம், "அட, அந்த மனுஷன் எங்க வீட்டுலயும் தின்னுட்டுப் போனாரே!"ன்னாங்க. செண்பகம் கேட்டுக்கிட்டே இருந்தா. "அப்ப எல்லாரையும் கூட்டிக்கிட்டே போங்கப்பா"ன்னா.

வெள்ளிக்கிழமை வண்டி வண்டியா ஆளு வந்து இறங்குது, திமுதிமுன்னு. கோமதிநாயகம் வெலவெலத்துப் போயிட்டாரு.

"நீங்கள்லாம் யாரு?"

"பொண்ணு வீட்டுக்காரங்க."

"உங்க பொண்ணை நாங்க எடுக்கலையே!"

"வேண்டாம்னு கடுதாசி வரலையே. வர்ற வரைக்கும் நாங்களும் பொண்ணு வீடுதான்."

கோமதிநாயகம் தண்ணிச் செம்பை நீட்டினாரு. ஒருத்தரும் வாங்கல. "பஜ்ஜி மெதுவா ஆகட்டும்"னு சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. உலகநாதன் பரண்ல ஏறி இருப்புச்சட்டியை இறக்கினான். டங்! கடையிலேருந்து எண்ணெய் டின்னு டின்னா வந்துச்சு. பிரமு சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அடுப்பு முன்னாடி உக்காந்தா. சொர்ர்ர்! ஒவ்வொரு சொர்ருக்கும் கோமதிநாயகம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு. பிரமு ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, "இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?"ன்னு கேட்டா. அவ ஆயுசுல அந்தப் பேச்சைப் பேசினது அன்னிக்குத்தான். முகமெல்லாம் சிரிப்பு, பல்பொடி இல்லாமலே.

தின்னு முடிச்சாங்க. வாயைத் துடைச்சாங்க. எந்திரிச்சாங்க. எல்லாரும் ஒண்ணா, "போயிக் கடுதாசி போடறோம்!"

செண்பகத்தோட அப்பாவும் அதையேதான் சொன்னாரு. உலகநாதனுக்குத் திக்குனு ஆயிடுச்சு. இப்போ வாசல்ல நிக்கறது அவன் முறை. டிங் டிங். இல்லப்பா. டிங் டிங். இல்லப்பா. அந்தப் பொண்ணுங்க இப்படித்தானே நின்னிருப்பாங்கன்னு அவனுக்கு அப்பத்தான் உறைச்சுது. மூணாவது தடவை டிங் டிங்னு மணி கேட்டப்போ செண்பகம் வீட்டுலேருந்து கார்டு வந்துச்சு.

"மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு. வீடு பிடிக்கல. பையனை எங்க வீட்டோட மாப்பிள்ளையா அனுப்பி வைங்க."

கோமதிநாயகம் துள்ளிக் குதிச்சாரு. "ஏட்டி பிரமு, ஒரு ஆள் சாப்பாடு ஆயுசுக்கும் மிச்சம்!"

பிரமு இருப்புச்சட்டியைத் தேய்ச்சுக் கழுவினா. இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டா.

"எங்க போற?"

"மகன்கூட. என் சாப்பாட்டையும் சேர்த்து மிச்சம் பிடிச்சுக்கோங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை பழக்க தோஷத்துல கோமதிநாயகம் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பினாரு. எங்க போவாரு? பொண்ணு பாக்க மாப்பிள்ளை வேணும்ல. திரும்பி வந்து உக்காந்தா, வெந்நி போட்டுக் குடுக்கக்கூட வீட்டுல ஆள் இல்ல.

என்ன, அப்புறம் அவரு என்ன ஆனாரா? வீட்டுக்கு வந்துடுன்னு பிரமுவைக் கூப்பிடப் போனாராம். பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுக்கிட்டே அவ நிமிர்ந்து பாத்தாளாம். "நீங்க போங்க, நான் கடுதாசி போடறேன்"னாளாம்.

இன்னும் வரலையாம். அடுப்பும் அணைஞ்சாச்சு, கதையும் ஆறியாச்சு, நீ தூங்கு.