பின் கை

"ஏம்மா, இது என்ன காத்து? ஒரு ஒழுங்கா அடிக்கத் தெரியாதா இதுக்கு?"

இடுப்பளவு கடல்நீரில் நின்று கத்தினார் மாசிலாமணி. ஏழாவது தடவையாக விழுந்திருந்தார். மூக்கில் உப்புத் தண்ணீர், முழங்கையில் சிராய்ப்பு, வாய் நிறைய வசவு.

அமலி கவிழ்ந்து கிடந்த பலகையை நிமிர்த்தினாள்.

மண்டபம் கடற்கரையில் பாய் கட்டிய பலகை ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். வயது இருபத்தாறு. மாணவருக்கு ஐம்பத்து மூன்று. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் மேஸ்திரி.

பத்து நாளைக்கு முன்னால், கூட வேலை பார்க்கும் அய்யாத்துரையை எல்லோரும் பார்க்கக் கன்னத்தில் அறைந்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். கோபம் ஆறட்டும் என்று மகள்தான் இங்கே சேர்த்துவிட்டாள். மனுஷன் கோபத்தையும் பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

மே மாதத்துக் கச்சான், அந்த மேல்காற்று, சாதுவாக இருக்கும், இருக்கும், திடீரென்று பாய்ந்து வந்து பிடுங்கும்.

"சார், பாய்மரத்துப் பக்கம் இருக்குற இடது கை முன் கை. வலது கை பின் கை. காத்து பிடுங்குறப்ப பின் கையைத் தளத்துங்க. முன் கையை விட்டுறாதீங்க. அவ்வளவுதான்."

"நான் எதுக்குத் தளத்தணும்? நானா வம்புக்குப் போனேன்? அதுதான வந்து இழுக்குது!"

ஏறினார். காற்று வந்தது. இந்தத் தடவை வெறுத்துப்போய் இரண்டு கையையும் விட்டார். பாய் ஒரு பக்கம் சாய, இவர் மறுபக்கம் மல்லாக்க விழுந்தார்.

"நாளைக்கு என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டாள் அமலி, பாயைத் தூக்கிக்கொண்டே.

"வேலையே வேணாம்னு எழுதி அவனுக மூஞ்சியில எறியப்போறேன். இருவத்தெட்டு வருச உழைப்பு. போகட்டும், எல்லாம் போகட்டும்!"

"ஏறுங்க."

ஏறினார். பல்லைக் கடித்துக்கொண்டார். காற்று பிடுங்கியது. அய்யாத்துரையே எதிரில் நிற்கிற மாதிரி இரண்டு கையாலும் வெறிகொண்டு இழுத்தார்.

பலகையோடு தூக்கி முன்னால் எறியப்பட்டார். சரிந்த பாய்மரம், பக்கத்தில் நின்ற அமலியின் புருவத்தில் ஓங்கி விழுந்தது.

அவர் இருமிக்கொண்டு எழுந்தபோது அவள் முகத்தில் பாதி ரத்தமாக இருந்தது.

"உன்னை யாரும்மா அங்க நிக்கச் சொன்னது?"

அதைத்தான் கேட்டார். வேறு எதுவும் அந்த வாய்க்கு வரவில்லை.

அவளுடைய இடது கை அவருடைய மிதவைச் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தது. வலது கை மேலே போயிற்று. அந்தப் பார்வையை அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை.

கண்ணைத் திறந்தார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கை மெல்ல இறங்கித் தண்ணீரில் பட்டது. இடது கை மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

"கொன்னுபோடலாம்னு வருது சார் உங்கள," என்றாள். அவள் பல் கிட்டித்திருந்தது. "பாயை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு காற்று வந்து போயிற்று.

"தப்புதாம்மா," என்றார். பிறகு, "என் போன் எங்க?"

"கரையில. உங்க பையில."

அலையை உழுதுகொண்டு நடந்தார். கரையேறிப் பையிலிருந்த துண்டை அவளிடம் நீட்டினார். அவள் காயத்தை அழுத்திக் கட்டிக்கொண்டாள். அவர் ஈரக் கையோடு எண்களைத் தட்டினார். வெகுநேரம் மணி அடித்தது.

"அய்யாத்துரை, நான் மாசிலாமணி. வச்சிராதய்யா."