மாசிலாமணி சேவ் பண்ணிய துளி

அறிவு உள்ள இடத்தில் ஆராய்ச்சி நடப்பது ஒரு பெரிய விஷயமா? அது இல்லாமலேயே நடத்திக் காட்டினார்கள் பாருங்கள், செங்கணாபுரம் கல்லூரியில், அவர்களைச் சொல்லுங்கள்! அங்கே மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆய்வகம். ஒரு சொட்டுத் தண்ணீர் தட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. தட்டு நனையும் என்று நீங்களும் நானும் சொல்லிவிடுவோம். அதற்கெல்லாம் பட்டம் தர மாட்டார்கள்.

மாசிலாமணிக்கு அந்தப் பட்டம் அவசரமாக வேண்டியிருந்தது. கனகவல்லியை அவனுக்குப் பேசி முடித்தாயிற்று. அவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. அவள் அப்பாதான் பிடித்த பிடியில் நின்றார். "பேருக்கு முன்னாடி முனைவர்னு போட முடிஞ்சாத்தான் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் மாப்ளே" என்றுவிட்டார். பல்கலைக்கழகமோ, இந்த வெள்ளிக்கிழமை தேர்வாளர் வரும்போது முடிவைக் காட்டாவிட்டால் பதிவு ரத்து என்றது. ஆக, ஒரு கல்யாணமே ஒரு சொட்டுத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது.

தட்டைத் தொட்டதும் அந்தச் சொட்டு சுற்றிலும் கிரீடம் மாதிரி எழும்பும். கண் சிமிட்டுவதற்குள் அமுங்கிவிடும். அதை ஒரு படம், ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால் போதும்.

பேராசிரியர் ஞானசிகாமணி குளிர்ப்பிரதேசம் ஒன்றில் நடக்கும் கருத்தரங்குக்குக் கம்பளிச் சட்டையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் இருந்த மூன்று பேரையும் கூப்பிட்டார். ஒருவன் மாசிலாமணி. இன்னொருவர் தெய்வநாயகம், எப்போதிலிருந்து மூத்த ஆய்வாளராக இருக்கிறார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. மூன்றாவது ஆள் ரெஜினா. யார் எது சொன்னாலும் உடனே செய்துவிடும் நல்ல பெண்.

"நல்லாக் கேளுங்க. கேமரா மேல ஒரு விரல் படக்கூடாது. சொட்டு கீழே வரும்போது இந்த சென்சாரைத் தாண்டும். அது கேமராவுக்கு சிக்னல் குடுக்கும். சிக்னல் வந்ததும் கேமரா தானே எடுத்துக்கும். எடுத்ததை கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணுங்க. சேவ் பண்ணாம அடுத்த சொட்டை விடாதீங்க. ஒரு சிக்னலும் வீணாகக் கூடாது. கேமரா புதுசு, ஒரு பூஜையைப் போட்டு ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் பேராசிரியர். பாவம், தெளிவாகத்தான் சொன்னார்.

விரல் படக்கூடாது என்பதால் ரெஜினா முழங்கையால் கேமராவை ஆன் செய்தாள். தெய்வநாயகம் ஒரு தீக்குச்சியில் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"பொட்டு முகத்துலதான வைக்கணும்? இதுக்கு முகம் எது?"

"நம்மளைப் பாத்துக்கிட்டு இருக்குல்ல அண்ணே, அந்தக் கண்ணாடிப் பக்கம்தான்" என்றாள் ரெஜினா.

லென்ஸின் நட்டநடுவில் லட்சணமாகப் பொட்டு வைத்தார். தட்டுக்கு மேலே இருந்த குழாயிலிருந்து சொட்டு விழுந்தது, சிக்னல் போனது, படமும் வந்தது. கும்மிருட்டு.

மாசிலாமணி திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தான். "ஒண்ணுமே தெரியலையே அண்ணே!"

"பதறாதடா. கல்யாண வீட்டுல போட்டோ எடுத்தா நம்ம பெரியப்பா கண்ணை மூடிக்கிறதில்லையா? அந்த மாதிரி இதுவும் மூடிக்கிச்சு. புது கேமரா, கூச்சம் இருக்கத்தான் செய்யும்."

பொட்டுதான் மறைக்கிறது என்பதை ரெஜினா சாயங்காலம் வாக்கில் கண்டுபிடித்தாள். அழிக்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. கல்யாணம் கூடி வரும் நேரத்தில் பொட்டை அழிப்பது அபசகுனம் என்று மாசிலாமணியே தடுத்துவிட்டான். கடைசியில் தீக்குச்சியாலேயே பொட்டை லென்ஸின் மேல் ஓரத்துக்கு நகர்த்தினார்கள். நெற்றி அங்கேதானே இருக்கும் என்று தெய்வநாயகமும் ஒப்புக்கொண்டார்.

அடுத்து கம்ப்யூட்டர் ஒரு சிக்கலைக் கிளப்பியது. அந்தக் கும்மிருட்டுப் படத்தை சேவ் செய்யப் போனால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டது.

"ஒண்ணு, ரெண்டுன்னு போட்டுருவோமா?" என்றான் மாசிலாமணி.

"ஏன்டா, உங்க வீட்டுல உனக்கு ஒண்ணுன்னா பேர் வெச்சாங்க?" தெய்வநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைச்சன் படம். முறையா வைக்கணும். உன் குலசாமி பேர் என்ன?"

"கருப்பசாமி."

"பாரு, பொருத்தமா அமைஞ்சிருக்கு. கருப்பசாமின்னு அடி. ஒரு தடவை போதாது, பிள்ளைக்குக் காதுல மூணு தடவை சொல்றோம்ல? மூணு தடவை சேவ் பண்ணு."

இவர்கள் பெயர் வைத்து முடிப்பதற்குள் அடுத்த சொட்டு வந்துவிடும் போலிருந்தது. சேவ் பண்ணாமல் சொட்டை விடக் கூடாதே! ரெஜினா பாய்ந்து குழாய்க்குக் கீழே கையை நீட்டினாள். சொட்டு நின்றது. ஆனால் கை சென்சாரைத் தாண்டியதால் சிக்னல் போய், அவள் கையைப் படம் எடுத்தது கேமரா. ஒரு சிக்னலும் வீணாகக் கூடாதே! அதற்கும் பெயர் தேட வேண்டியதாயிற்று. தேடுவதற்குள் இன்னொரு சொட்டு, இன்னொரு கை.

"குழாயை மூடிட்டா என்ன அண்ணே?" என்றாள் ரெஜினா, கை வலி தாங்காமல்.

"சார் மூடச் சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்புறம்?"

மறுநாளும் அதேதான். ரெஜினாவின் கைகளுக்குத் தெய்வநாயகத்தின் சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் வைத்தாயிற்று. அது தீர்ந்ததும் ஒன்றுவிட்ட மாமன் மச்சான்களில் இறங்கினார். கேமராவோ முழித்த கண்ணை மூடவில்லை.

வியாழக்கிழமை ரெஜினா கையை ஒரு கணம் உதறினாள். அந்த இடைவெளியில் ஒரு சொட்டு நழுவி நேரே தட்டில் போய் விழுந்தது. படம் வந்தது. அடேயப்பா! வட்டமாக, முத்துக் கோத்த மாதிரி, சாட்சாத் கிரீடம்! மாசிலாமணிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கனகவல்லியே எதிரில் வந்து நிற்பதாக அவனுக்குத் தோன்றியது. "சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டே, அடுத்த சொட்டு சென்சாருக்குப் போய்விடாமல் குழாய்க்கு நேர் கீழே தலையை நுழைத்து, வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டான்.

கம்ப்யூட்டரில் இடம் இல்லை. எதையாவது அழித்தால்தான் சேவ் ஆகும்.

"கருப்பசாமியை அழிக்கலாமா?" என்றாள் ரெஜினா.

"குலசாமிம்மா! வம்பை விலைக்கு வாங்காத."

"உங்க ஒண்ணுவிட்ட மாமா?"

"எங்க அத்தை முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" தெய்வநாயகம் திரையை உற்றுப் பார்த்தார். "இதுல எது அதிகமா இடத்தை அடைச்சிருக்கு?"

"இப்ப வந்த கிரீடம்தான் அண்ணே."

"அப்ப அதை எடுத்துடு. நிறைய இடம் கிடைக்கும். கிரீடத்தைத் தாராளமா சேவ் பண்ணிக்கலாம். என்னடா மாசி, சரிதானே?"

மாசிலாமணிக்கு உயிரே போய்விட்டது. அலற வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயை எடுத்தால் சொட்டு போய்விடும். விழியை மட்டும் உருட்டினான்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லலை பாரு. பண்ணிடும்மா" என்றார் தெய்வநாயகம். ரெஜினா உடனே செய்துவிட்டாள்.

இடம் நிறைய கிடைத்தது. சேவ் பண்ணத்தான் ஒன்றும் இல்லை. மாசிலாமணி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. தெய்வநாயகம் அவன் தோளைத் தட்டினார்.

"ஏன்டா அழற? படம்தானே போச்சு? கிரீடம் வெச்ச சொட்டு தட்டுலதானே கிடக்கு? அசலையே சேவ் பண்ணிடுவோம்."

எதில் வைப்பது என்று அடுத்த விவாதம். டம்ளரில் வைத்தால் யாராவது குடித்துவிடுவார்கள். தட்டிலேயே விட்டால் காய்ந்துவிடும். யாருக்கு அது அதிகம் வேண்டுமோ அவனிடம் இருப்பதுதான் பத்திரம் என்று ரெஜினா சொன்னாள். மாசிலாமணி மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்து, ஒரு துளி சிந்தாமல் நக்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை தேர்வாளர் சபாநடேசன் வந்தார். ரெஜினாவின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மாசிலாமணியின் வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"படத்தைக் காட்டிப் பட்டம் வாங்கினவங்க உண்டு. பொருளையே கொண்டாந்தவன் நீ ஒருத்தன்தான்!" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள், முனைவர் மாசிலாமணி."

மாசிலாமணி துள்ளிக் குதிக்கப் போனான். சொட்டு குலுங்கும் என்று தெய்வநாயகம் பிடித்து நிறுத்திவிட்டார்.

பத்திரிகை அச்சுக்குப் போனது. ஒரே ஒரு சங்கடம். ஆய்வின் அசல் எதுவோ அதைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைத்தாக வேண்டும் என்பது விதி. ஒப்படைத்தார்கள். நூலகர் மாசிலாமணியின் முதுகில் எண் எழுதிய சீட்டை ஒட்டி, இயற்பியல் அலமாரியில் கீழ்த்தட்டில் உட்கார வைத்தார். முகூர்த்தத்துக்குக் கனகவல்லியின் அப்பா உறுப்பினர் அட்டை போட்டு அவனை இரவல் எடுத்துவந்தார். தாலி கட்டுகிற கையில், நூலகர் முத்திரை குத்தியிருந்த, திருப்பித் தர வேண்டிய தேதி பளிச்சென்று தெரிந்தது.

இன்றைக்கும் கனகவல்லி தவணை முடிகிற அன்று புருஷனை நூலகத்துக்குக் கூட்டிப்போய், முத்திரை குத்தி வாங்கி, வீட்டுக்கு அழைத்து வருகிறாள். போன தடவை மட்டும் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவளுக்கு முன்னால் வேறு யாரோ அவனைக் கேட்டு எழுதி வைத்திருந்தார்களாம்.