சிலுவையின் தோளில் வளையம் வந்த கதை

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் மனிதரோடு பேச்சை நிறுத்தியிராத நாளில், அயர்லாந்துக் கரைக்கு அப்பால் ஒரு குட்டித் தீவில் துறவியர் மடம் ஒன்று இருந்தது. அங்கே கல் செதுக்கியவன் கோனல். ஆளுயரத்துக்கும் மேலான கற்சிலுவைகளை அவன் இரண்டு முறை நிறுத்தினான். இரண்டு முறையும் புயலில் சிலுவையின் கை ஒடிந்தது. இரண்டாம் முறை ஒடிந்த கை ஒரு துறவியின் தோளில் விழுந்து எலும்பை முறித்துவிட்டது.

"இன்னொன்று விழுந்தால் மரச்சிலுவையே போதும். நீ படகேறிவிடு" என்றார் மடத்துத் தலைவி லாசரா.

கோனலுக்குப் போவதைவிட, காரணம் தெரியாமல் போவதுதான் உறுத்தியது. கை ஏன் ஒடிகிறது என்று கரையில் படுத்திருந்த கடல்நாயிடம் கேட்டான்.

"நாங்கள் கையை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறோம். நீட்டிக்கொண்டே நின்றால் வலிக்காதா?" என்றது அது.

கல்லுக்கு எப்படி வலிக்கும் என்று யோசித்தபடியே மூன்றாவது சிலுவையைத் தொடங்கினான். தலையும் கையும் சேரும் மூலையில் ஒரு குழி குடைந்தான். குழிக்கு வெளிப்பக்கத்தில் தலையையும் கையையும் இணைத்து நின்ற கல்லை மறுநாள் வெட்டி எடுக்கலாம் என்று விட்டுவைத்தான். காலையில் வந்தால் குழிக்குள் பாசி அடைத்து, கட்டைவிரல் அளவில் ரென் என்னும் குருவி உட்கார்ந்திருந்தது.

"வெட்டாதே. முட்டையிடப் போகிறேன்."

"மடத்துத் திருநாளுக்குள் முடிக்க வேண்டுமே, அம்மா."

"குஞ்சுகளுக்குத் திருநாள் தெரியாது."

உளியைத் தூக்கியவன் குருவியைப் பார்த்தான். பிறகு கீழே வைத்தான். ஒரு மூலையில் மட்டும் கல் வளைந்து நின்றது கோணலாகத் தெரிந்ததால், மற்ற மூன்று மூலைகளையும் அதேபோல் குடைந்து வெளிப்பக்கத்தை விட்டுவிட்டான்.

"இது என்ன வளையம்?" என்றார் லாசரா.

"ஒரு மூலை குருவிக்கு. மற்றவை அதற்கு இணையாக இருக்கட்டும் என்று."

அவர் சிரிக்கவில்லை. "காற்று வரட்டும், பார்ப்போம்."

குஞ்சுகள் பறந்து போனதும் கோனல் சிலுவையை நிறுத்தினான். இலையுதிரும் பருவத்தில் காற்று வந்தது. மடத்தின் கூரை பிய்ந்து கடலில் விழுந்தது. விடிந்ததும் இருவரும் ஓடிப் பார்த்தார்கள். சிலுவை இரு கையோடும் நின்றது. கைக்கு அடியிலிருந்த ஈரமான வளைவைக் கோனல் விரலால் தடவினான். கையின் பாரத்தைக் கீழிருந்து தாங்கி நின்றது அந்த வளைவுதான்.

"அடுத்ததற்கும் இப்படியே விட்டுவிடு" என்றார் லாசரா.

அன்று முதல்தான் அந்த நாட்டுக் கற்சிலுவைகள் தோளைச் சுற்றி வளையத்தோடு எழுந்தன. ரென் குருவியும் யாரையும் கேட்காமல் பழைய தேவாலயச் சுவர்களின் பொந்தில் இன்றுவரை கூடு கட்டுகிறது.